இரண்டு முதல் இருபத்தைந்து வரை

காரமடை ரங்கநாதர் துணை

ஆவாரம்பாளையம்,
7.10.1996

தம்பி நரசிம்மலுவுக்கு அக்கா வெங்கடம்மாள் எழுதுவது.

இங்கே யாருக்கும் ஒரு குறையும் இல்லை. உனக்கு அந்த ஊர்க் குளிர் ஒத்துக்கொண்டதா? போன கடிதத்தில் இருமல் என்று எழுதினாய். அப்புறம் ஒரு வரி இல்லை.

நீ சொல்லி வந்த வேலை முடிந்துவிட்டது. விமானத்தைத் தூக்கி நிறுத்தும் ஜாக்கிக்கு லாக் பின், இருபத்து நான்கு. இரண்டு மாதமாக நம் பட்டறையில் உன் பாவா வேறு எதையும் தொடவில்லை. பம்பு கம்பெனிக்காரர் வந்து, "ஏனுங்க ராஜுலு, எங்க ஷாஃப்ட்டெல்லாம் இனி உங்க கண்ணுக்குத் தெரியாதுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். "பிரான்ஸ்காரன் சாமானுங்க, கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்று பாவா சொன்ன தோரணையை நீ பார்த்திருக்க வேண்டும். வரைபடத்தின் மூலையில் தஸ்ஸோ என்று அந்தக் கம்பெனியின் பேர் இருக்கிறது. என் தம்பி மூன்று மாதம் அங்கே போய்ப் பயிற்சி எடுத்தவன் என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாவா அதட்டிவிட்டார். "மச்சான் பேச்சை எடுக்காதே அம்மணி. சொந்தக்காரன் சொல்லி வந்த வேலைன்னு தெரிஞ்சா அவனுக்குத்தான் வம்பு" என்றார். அதிலிருந்து வாயைத் திறப்பதில்லை.

புது வேலை எது வந்தாலும் அதில் ஒரு சாமான் நம் சாமி அலமாரியில் ஏறவேண்டும் என்பது உனக்குத் தெரியும். மாமனார் வைத்துப் போன முறை. புரட்டாசி மூன்றாம் சனியன்று வைக்கலாம் என்று கேட்டேன். மொத்தம் இருபத்தைந்து பின் செய்து, தலையில் ஒன்று முதல் இருபத்தைந்து வரை எண் குத்தியிருந்தார்கள். உலையில் காய்ச்சி டெம்பர் ஏற்றிய பிறகு மண்ணெண்ணெயில் முக்கித் துடைத்து, சுண்ணாம்புப் பொடி தூவிப் பார்த்ததில் ஏழாம் எண்ணில் மட்டும் ஒரு ஈரக்கோடு தெரிந்தது. தலைமுடி அளவு விரிசல். பாவா அதில் சிவப்பு பெயின்ட் வைத்து என் கையில் கொடுத்து, "இந்தா, இதைச் சாமிக்கு வெச்சுக்கோ. பெருமாள் என்ன ஜாக்கியா தூக்கப் போறாரு" என்றார்.

பூச்சி விழுந்த பூவையே நாம் கிள்ளிப் போடுகிறோம். ஊனமானதைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைக்க எனக்கு மனசு வரவில்லை. எல்லோரும் சாப்பிடப் போன நேரம் சிவப்பை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, ஏழாம் எண்ணைப் பெட்டியில் வைத்தேன். பளபளவென்று இருந்த ஒன்றாம் எண்ணைச் சாமிக்கு எடுத்துக்கொண்டேன். எண்ணிக்கை இருபத்து நான்கு சரி. பட்டியலும் நான்தான் எழுதினேன். இரண்டு முதல் இருபத்தைந்து வரை விட்டுப்போகாமல் வரிசையாக வந்தது, பார்க்கவும் அழகாக இருந்தது. பாவா படிக்காமலே கையெழுத்துப் போட்டார். என் எழுத்தின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. நீ பள்ளிக்கூடத்தில் படித்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே படித்தவள் நான் என்று அவருக்கு எங்கே தெரியும்.

விமானப்படை வேன் வந்ததும் பெட்டி சூலூருக்குப் போகும். முறுக்கு சுட்டு அனுப்புகிறேன்.

அக்கா

*

56 ஏ.பி.ஓ. மூலம்,
21.10.1996

அக்காவுக்கு,

கடிதம் நேற்று வந்தது. மூன்று தடவை படித்தேன். இருமல் போய்விட்டது, அதை விடுங்கள்.

ஏழாம் எண் எங்கே இருக்கிறது? பெட்டி இன்னும் சூலூரிலேயே இருக்கிறதா? இந்தக் கடிதத்தைக் கீழே வைத்ததும் பாவாவிடம் போய் நீங்கள் செய்ததை அப்படியே சொல்லுங்கள். அவரே சூலூருக்குப் போய்ப் பெட்டியை நிறுத்தட்டும்.

அந்தப் பின் என்ன செய்கிறது என்று நான் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். விமானத்தை மூன்று ஜாக்கியில் தூக்குவோம். மூக்குக்கு ஒன்று, இரண்டு இறக்கைக்கும் கீழே ஒவ்வொன்று. ஜாக்கியில் எண்ணெய் அழுத்தம் குறைந்தாலும் விமானம் இறங்காமல் பிடித்துக்கொள்வது அந்தப் பின் ஒன்றுதான். தூக்கி வைத்துச் சக்கரத்தை மடக்கி விரித்துச் சோதிப்போம். அந்த நேரத்தில் நாங்கள் அடியில்தான் நிற்போம். படுத்தும் கிடப்போம்.

பிரான்ஸில் நான் இருந்த கொட்டகையில் ஒரு பக்கம் போர் விமானம், மறு பக்கம் முதலாளிமார் ஏறும் சின்ன விமானம். இரண்டுக்கும் பொதுவாக ஒரு மூலையில் ரம்பம் இருந்தது. கண்ணாடி போட்ட ஒரு அம்மா அங்கே நிற்பார். தேறாத சாமான் எதுவாக இருந்தாலும், ஒரு சின்ன ஸ்க்ரூ ஆனாலும், அவர் கண் முன்னால் இரண்டாக அறுக்க வேண்டும். அறுத்தவன் ஒரு கையெழுத்து, பார்த்தவர் ஒரு கையெழுத்து. நல்ல இரும்பை இப்படி வீணாக்குகிறார்களே என்று நாங்கள் சிரித்தோம். எதற்கு அறுக்கிறார்கள் என்று உங்கள் கடிதத்தைப் படித்தபோதுதான் விளங்கியது. முழுசாக இருந்தால் யாராவது ஒருவர் நல்ல எண்ணத்தோடு அதை எடுத்துப் பெட்டியில் வைத்துவிடுவார்.

உடனே பதில் போடுங்கள்.

நரசிம்மலு

*

காரமடை ரங்கநாதர் துணை

ஆவாரம்பாளையம்,
1.11.1996

தம்பிக்கு,

என்னைக் கொலைகாரி மாதிரி நினைத்து எழுதியிருக்கிறாய். எழுதின கை உன் கைதானா என்று இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். பெட்டி பத்தாம் தேதியே போய்விட்டது. சூலூரில் பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரித்து வடக்கே இரண்டு இடத்துக்கு அனுப்பிவிட்டார்களாம்.

பாவாவிடம் சொன்னேன். சோறு பிசைந்துகொண்டிருந்தார்.

"எந்த நம்பர்?"

"ஏழுங்க."

"நான் சிவப்பு வெச்சனே?"

"தொடைச்சுப்போட்டனுங்க."

தட்டைத் தள்ளி வைத்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. கொல்லைக்குப் போய் கை கழுவினார். திரும்பி வந்து, "சூலூர்ல போய்ச் சொன்னா இருபத்துநாலையும் திருப்பிப்போடுவாங்க. அதோட போவாது. இந்தப் பட்டறைக்கு இனி ஒரு போல்ட்டு செய்யக் கொடுக்க மாட்டாங்க. ஆறு பேரு ஊட்ல அடுப்பு எரியோணும் அம்மணி" என்றார்.

"அப்ப என்னங்க பண்றது?"

"உன்ற தம்பி அங்கதான இருக்கான். எடுத்து வீசிப்போடச் சொல்லு. ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம்."

நான் சரிங்க என்றேன். வேறு என்ன சொல்லத் தோன்றும் எனக்கு. நீ எடுத்துவிடு கண்ணு. எடுத்துவிட்டேன் என்று ஒரு கார்டு போட்டால் போதும். வருகிற தீபாவளிக்கு நான் பலகாரம் எதுவும் போடப்போவதில்லை. பக்கத்து வீட்டில் கேட்டார்கள், சாமிக்கு ஒரு வேண்டுதல் என்று சொல்லிவைத்தேன்.

அக்கா

*

56 ஏ.பி.ஓ. மூலம்,
14.11.1996

அக்காவுக்கு,

இங்கே வந்த பன்னிரண்டையும் ஸ்டோரில் கையில் எடுத்துப் பார்த்தேன். பதினான்கு முதல் இருபத்தைந்து வரை இருக்கிறது. ஏழு இங்கே இல்லை. மற்ற இடத்துக்குப் போயிருக்கிறது. ரயிலில் ஒன்றரை நாள்.

அங்கே ஜாக்கி வேலை பார்ப்பவன் பிரசன்னா சாஹூ. உங்களுக்குத் தெரிந்தவன்தான். நாலு வருடம் என் பக்கத்துக் கட்டிலில் இருந்தானே, நீங்கள் அனுப்பும் முறுக்கு டப்பாவை எனக்கு முன்னால் திறக்கிற ஒரிசாக்காரன். "உன் அக்கா எனக்காகச் சுடுகிறார், நீ வெறும் தபால்காரன்" என்பான். போன வருடம் மாற்றலாகிப் போனான்.

அவனுக்கு ஒரு வரி எழுதினால் முடிந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நேற்று பேனாவை எடுத்தேன். ஆனால் பின்னை அவன் கையால் எடுத்தால் ரெஜிஸ்டரில் ஒன்று குறையும். ஏன் எடுத்தாய் என்று அவனைக் கேட்பார்கள். அவன் என் கடிதத்தைக் காட்ட வேண்டி வரும். இந்த வேலைக்கு நம் பட்டறையின் பேரைச் சொன்னபோது, எனக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் நான். வேலை போகும். பென்ஷனுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது.

அதனால் ஒன்று செய்யலாம். பாவாவை நல்ல பின் ஒன்று செய்து, தலையில் ஏழு என்று குத்தி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஜனவரி பத்தாம் தேதி எனக்கு லீவு ஆரம்பம். ஊருக்கு வரும் வழியில் அங்கே இறங்கி, பிரசன்னாவைப் பார்க்க வந்ததுபோல் உள்ளே போய் நானே மாற்றிவிடுகிறேன். எண்ணிக்கையும் சரியாக இருக்கும், எண்ணும் சரியாக இருக்கும்.

பயப்பட வேண்டாம். எல்லாப் பின்னையும் ஒரே நாளில் மாட்டிவிட மாட்டார்கள். பழையது தேயத் தேயத்தான் புதியதை எடுப்பார்கள்.

நரசிம்மலு

*

காரமடை ரங்கநாதர் துணை

ஆவாரம்பாளையம்,
2.12.1996

தம்பிக்கு,

பின் தயார். பாவா தானே லேத்தில் நின்று செய்தார். மூன்று முறை சுண்ணாம்புப் பொடி போட்டுப் பார்த்தார். எண் குத்த பாலகோபாலைக் கூப்பிட்டதற்கு, "ஏனுங்க, ஏழு முந்தியே போயிருச்சுங்களே?" என்று கேட்டான். பாவா சுத்தியலை அவன் கையில் கொடுத்தார். பத்து வருடமாக எங்களிடம் வேலை பார்க்கிறவன். இப்போது என் முகத்தைப் பார்க்காமல் டீ டம்ளரை வைத்துவிட்டுப் போகிறான்.

முறுக்கு டப்பாவின் அடியில் துணி சுற்றி வைத்து ரிஜிஸ்தர் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். முறுக்கை நீயும் சாப்பிட்டு அந்தப் பையனுக்கும் கொண்டுபோய்க் கொடு.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. ஜனவரி பத்து வரைக்கும் எதற்கு? நாள்காட்டியில் தினமும் ஒரு தாளைக் கிழிக்கிறேன். ஒவ்வொன்றும் கையில் கனக்கிறது. ரெஜிஸ்டர் எழுதும் பழக்கத்தில் நான் இதையும் எழுதிப் பார்த்தேன். ஒரு பக்கம் உன் பென்ஷன், உன் பாவாவின் பேர், ஆறு குடும்பம், என் மானம். மறு பக்கம் பிரசன்னா என்று மட்டும் எழுதினேன். எழுதியதும் கூட்டிப் பார்க்கப் பயந்து தாளைக் கிழித்துவிட்டேன்.

ஊனமானதைச் சாமிக்கு வைக்கக்கூடாது என்று தெரிந்திருந்தது எனக்கு. அதை மனிதருக்கு வைக்கக்கூடாது என்று தோன்றவே இல்லை. அலமாரி முன்னால் நின்றால் மந்திரம் வரவில்லை.

அந்தப் பையனுக்கு ஒரு வரி எழுது நரசு. பேர் போடாமல் எழுது. ஏழாம் எண்ணைப் போடாதே என்று மட்டும் எழுது. பாவா எழுதக்கூடாது என்கிறார். நான் சொல்கிறேன், எழுது.

அக்கா

*

56 ஏ.பி.ஓ. மூலம்,
3.1.1997

அக்காவுக்கு,

டிசம்பர் இருபத்தேழு, காலை பத்தே முக்காலுக்கு. இடது ஜாக்கி இறங்கி விமானம் சாய்ந்துவிட்டது. மற்ற இரண்டு பேர் தள்ளி நின்றார்கள். பிரசன்னா சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தேவை இருக்கவில்லை.

வயது இருபத்தொன்பது. பெண் குழந்தைக்கு இரண்டு வயது.

ஏழாம் எண் பின் இரண்டு துண்டாகக் கிடந்ததாம். விமானம் சாய்ந்த பாரத்தில் உடைந்தது என்று முதல் அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். பட்டியலில் எல்லாம் சரியாக இருக்கும்போது பின்னை யார் சந்தேகப்படுவார்கள். அவன் ஜாக்கியைச் சமமில்லாத இடத்தில் வைத்திருக்கிறான், கவனக்குறைவு, என்று முடியும் போலிருக்கிறது. இறந்தவன் பதில் சொல்ல மாட்டான். மார்ச்சுக்குள் கோப்பை மூடிவிடுவார்களாம்.

நான் அவனுக்கு எழுதவில்லை. உங்கள் கடிதம் டிசம்பர் பதினோராம் தேதி வந்தது. அன்றைக்கு எழுதியிருந்தால்கூட இருபதாம் தேதி போய்ச் சேர்ந்திருக்கும். நாளைக்கு, நாளைக்கு என்று இருந்துவிட்டேன். லீவில் நேரிலேயே போகிறோமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நீங்கள் அனுப்பிய பின் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. முறுக்கு டப்பாவை நான் திறக்கவில்லை.

இனி செய்ய வேண்டியது இதுதான். என் கடிதங்களை அடுப்பில் போடுங்கள். எனக்கு எழுத வேண்டாம். லீவுக்கு நான் வரவில்லை. நாம் மூன்று பேரும் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. போனவன் திரும்பி வரப் போவதில்லை.

நரசிம்மலு

*

ஆவாரம்பாளையம்,
20.1.1997

நரசிம்மலு,

உன் கடிதம் போகியன்று வந்தது. தெருவில் பழையதை எல்லாம் போட்டு எரித்துக்கொண்டிருந்தார்கள். பாவா படித்துவிட்டு, "இதையும் அதிலயே போட்டுரு" என்றார். நான் போடவில்லை.

நான்கு நாள் உன் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கவனக்குறைவு என்ற சொல்லைத் தாண்டி என் கண் போகவில்லை. என் குற்றத்தை ஒருவனின் பிணத்தின் மேல் ஏற்றி அனுப்பியிருக்கிறோம். நாளைக்கு அந்தப் பெண் வளர்ந்து, அப்பா எப்படிச் செத்தார் என்று கேட்டால், ஒழுங்காக வேலை பார்க்கத் தெரியாமல் செத்தார் என்றுதானே அவள் தாய் சொல்வாள்.

பதினேழாம் தேதி காலையில் பாவாவிடம் சொன்னேன். "நான் சூலூர் போய்ட்டு வாரனுங்க" என்றேன். போகாதே என்று சொல்லவில்லை. பட்டறைக்குள் போய், எதுவும் மாட்டாமல் வெறும் லேத்தை ஓட்டிக்கொண்டு நின்றார். நான் பஸ் ஏறும்வரை அந்தச் சத்தம் தெருமுனைக்குக் கேட்டது.

கேட்டில் நின்றவருக்குத் தமிழ் வரவில்லை. தமிழ் தெரிந்தவரைக் கூட்டி வந்தார்கள். யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். "எங்க பட்டறைப் பின்னு ஒடைஞ்சு ஒருத்தரு செத்துட்டாருங்க. அதைச் சொல்லோணும்" என்றேன். உட்கார வைத்தார்கள். மதியம் ஒரு அதிகாரி வந்தார். உன்னைவிடச் சின்னவர். ரெஜிஸ்டரை அவர் முன்னால் விரித்து, மூன்றாம் சனியன்று நான் செய்ததைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே வந்தார். முடித்ததும் தமிழில் வாசித்துக் காட்டினார். தவறுதலாக மாறிவிட்டது என்று எழுதியிருந்தார்.

"தவறுதலா இல்லைங்க. தெரிஞ்சுதான் மாத்துனேன். அந்தக் கோடு என்ன பண்ணும்னுதான் தெரியலீங்க" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இப்படி எழுதினா உங்களுக்குத்தாம்மா கஷ்டம்" என்றார்.

"அப்படியே எழுதுங்க" என்றேன். அந்த வரியை அடித்துவிட்டு எழுதினார்.

பிறகு, ஏழாம் எண் எந்த ஊருக்குப் போனது என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். உன் பேரைச் சொல்லக்கூடாது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். அந்த இடத்தில் பொய் வரவில்லை. "என்ற தம்பி எழுதினானுங்க" என்றேன். உன் கடிதம் மூன்றையும் கொடுத்துவிட்டேன். உன்னை நான்தான் காட்டிக்கொடுத்தேன். இதை வேறு யார் வாயிலிருந்தும் நீ கேட்க வேண்டாம்.

நேற்று முன்தினம் இரண்டு ஜீப்பில் வந்து ரெஜிஸ்டர்களை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு சீல் வைத்தார்கள். பாலகோபால் தன் சோற்றுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு, "வாரனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் வர மாட்டான். மற்ற ஐந்து பேர் சொல்லிக்கொள்ளவும் இல்லை. பாவா என்னிடம் பேசி நான்கு நாளாகிறது. போட்ட சோற்றைச் சாப்பிடுகிறார், அவ்வளவுதான். வக்கீல் ஒருவரைப் பார்க்க அவிநாசி ரோட்டுக்குப் போய் வந்தார். என்ன சொன்னார்கள் என்று நானும் கேட்கவில்லை.

நீ என்னைத் திட்டி எழுதினாலும் சரி, எழுதாமலே இருந்தாலும் சரி. அந்தப் பையனின் மனைவி இருக்கும் விலாசம் மட்டும் எனக்கு வேண்டும். கோப்பில் திருத்துவார்களோ, எத்தனை வருடம் இழுப்பார்களோ தெரியாது. அதுவரைக்கும் அவள் காத்திருக்கக் கூடாது.

வெங்கடம்மாள்

*

56 ஏ.பி.ஓ. மூலம்,
1.2.1997

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்துக்கு முன்னால் உங்கள் வாக்குமூலம் இங்கே வந்துவிட்டது. முந்தாநாள் என்னைக் கூப்பிட்டார்கள். நான் டிரங்குப் பெட்டியிலிருந்த பின்னைக் கொண்டுபோய் மேஜை மேல் வைத்தேன். உறவில்லை என்று பொய்யாகக் கையெழுத்துப் போட்டதையும், தெரிந்தும் மூன்று மாதத்துக்கு மேல் பேசாமல் இருந்ததையும் என் கையால் எழுதிக் கொடுத்தேன். இனி என்ன ஆகும் என்பது அவர்கள் கையில். இந்தக் கடிதத்தைக்கூடப் படித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள்.

உங்களை முதலில் மனசுக்குள் ரொம்பப் பேசினேன். அதை எழுத மாட்டேன்.

விலாசம்: மினதி சாஹூ, பெரிய குளத்துக்குத் தெற்குத் தெரு, படபள்ளி கிராமம், கேந்திரபாடா மாவட்டம், ஒரிசா.

தமிழில் எழுதினால் அங்கே படிக்க ஆள் இல்லை. அவருக்கு இந்தி எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும் என்று பிரசன்னா சொல்லியிருக்கிறான். நீங்கள் சொல்ல வேண்டியதை எனக்கு எழுதி அனுப்புங்கள், நான் அதை இந்தியில் எழுதுகிறேன். அடியில் உங்கள் பேரும் என் பேரும் இருக்கட்டும். பாவா போடச் சொன்னால் அவர் பேரும்.

முதல் வரியை நானே எழுதிவிட்டேன். உங்கள் கணவர் அன்றைக்கு ஜாக்கியைச் சரியாகத்தான் வைத்திருந்தார் என்று.

அடுத்த வரியை நீங்கள் சொல்லுங்கள்.

நரசிம்மலு